வாலால் எண்ணிய அணில்

மழை வருவதற்குள் அறுவடை முடிந்த காட்டில் சிதறிக் கிடக்கும் வேர்க்கடலையெல்லாம் பொந்துக்குள் போயாக வேண்டும் என்று கோடன் என்ற அணில் ஓடிக்கொண்டிருந்தது. பொந்து வாசலில் ஒரு சருகு. அதில் வைத்ததைப் பொந்தில் கூடவே குடியிருக்கும் மரவட்டை சருகோடு உள்ளே இழுத்துப்போய், "பத்திரம்" என்று குரல் கொடுக்கும். குரல் வரும்வரை கோடன் வாசலில் காவல் நிற்கும். கொஞ்சம் அசந்தால் கிளையிலிருக்கும் காகம் கொத்திக்கொண்டு போய்விடும்.

"ஒரு நடைக்கு எவ்வளவு நேரமாகும், அண்ணே?" என்று மரவட்டையைக் கேட்டது கோடன்.

"இத்தனை கால்களை வைத்துக்கொண்டு மெதுவாகவா போவேன்? ஒவ்வொன்றாகவே கொடு, தம்பி."

கோடன் நம்பியது. காலைக் குளிரில் நாலு கடலை உள்ளே போவதற்குள் மேற்கே மேகம் திரண்டுவிட்டது.

அதன்பின் கோடன் கேட்கவில்லை. மரவட்டை உள்ளே போனதும் வாலை ஆட்டி எண்ணியது. குரல் வர நாற்பது ஆட்டம் ஆனது. அடுத்த நடைக்குச் சருகில் எட்டுக் கடலை சேர்த்தது. சேர்ப்பதற்குள் காகம் ஒன்றைத் தூக்கியது. போகட்டும் என்று விட்டது. வெயில் ஏறியதும் மரவட்டைக்குச் சுறுசுறுப்பு வந்து, ஐந்தே ஆட்டத்தில் குரல் கேட்டது. உடனே கோடன் ஒவ்வொன்றாகக் கொடுத்தது. காகத்துக்கு ஒன்றும் சிக்கவில்லை. மேகம் வெயிலை மறைத்ததும் சருகு மறுபடி நிறைந்தது.

முதல் தூறல் விழுந்தபோது காட்டில் ஒரு கடலைகூட மிச்சமில்லை.

"ஒரு நேரம் எட்டு, ஒரு நேரம் ஒன்று. யார் சொல்லிக் கொடுத்தது உனக்கு?" என்றது காகம்.

"எல்லாம் அண்ணன்தான், மாமா," என்றது கோடன்.

உள்ளேயிருந்து மரவட்டை மெல்லச் செருமிக்கொண்டது.