பலகைக்கு முட்டு

ஒரு நூலகத்தில் ஊர் வரலாறு ஒன்று யாரும் தொடாமல் கிடந்தது. இந்தக் கோடையிலும் எவரும் எடுக்காவிட்டால் அதைக் கழித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

கோடை வாசிப்பு மேசையின்மேல் "நம் ஊரை அறிவோம்" என்ற பலகையை வைத்தார்கள். அது நிற்காமல் சாய்ந்தது. கனமாக இருந்ததால் வரலாற்றை எடுத்துப் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள்.

"என்னையும் மேசைக்கு அழைத்துவிட்டார்கள், பார்த்தாயா?" என்றது வரலாறு, மேசைமேல் இருந்த ஊறுகாய்ச் செய்முறைப் புத்தகத்திடம்.

"முன்னாலா, பின்னாலா, பெரியவரே?" என்று கேட்ட ஊறுகாய்ப் புத்தகம், ஒரு பெண்ணின் பையில் ஏறிப் போய்விட்டது.

பலர் பலகையருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "நம் ஏரியை வெட்டியது யார் என்று சொல்லும் நூல் உண்டா?" என்று நூலகரிடம் கேட்டார்.

ஏரி வெட்டிய கதையின் மூன்று வடிவங்களை வரலாறு தன்னுள் வைத்திருந்தது. சற்றே சரிந்தால் அவர் கண்ணில் பட்டுவிடலாம்.

"அசையாதே! நான் விழுந்தால் ஊருக்குத்தான் அவமானம்" என்றது பலகை.

வரலாறு அசையவில்லை.

"இருந்தது, சார். யாரோ எடுத்துப் போயிருப்பார்கள்" என்றார் நூலகர்.

கோடை முடிந்ததும் பலகையைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினார்கள். வரலாற்றைச் சாக்கில் போட்டார்கள்.