படித்துறைச் சுவர்

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில், பூட்டிக் கிடந்த சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்தபோதுதான் பிரம்மநாயகி டீச்சருக்கு அந்த இடைவெளி தெரிந்தது.

இத்தனை நாளும் சுவரில் மூக்கை உரசிக்கொண்டு நின்றதில் யார் கண்ணிலும் படவில்லை.

மேலத்தெருவுக்கும் காலனிக்கும் மூண்ட கலவரம் ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்ததும், ஊரே சேர்ந்து காம்பவுண்டுச் சுவரில் ஒரு படம் வரையலாம் என்று சொன்னது ஓவிய டீச்சரான அவள்தான். பெயிண்டுக் கடை அண்ணாச்சி டப்பா டப்பாவாகக் கொடுத்தார். பிள்ளைகளோடு அப்பாமாரும் அம்மாமாரும் வந்து பிரஷ் பிடித்தார்கள். நாளைக்குப் படத்தைத் திறந்துவைக்கக் கலெக்டர் வருகிறார்.

தாமிரபரணியும் கரை நெடுகப் படிகளும் அவள் போட்டுக் கொடுத்தது. அவரவர் வீட்டு ஆட்கள் குளிப்பதை அவரவர் வரைய வேண்டும். எங்கே வேண்டுமானாலும் வரையலாம்.

வரைந்திருந்தார்கள். மேலத்தெரு ஆட்களெல்லாம் மேற்கே. காலனி ஆட்களெல்லாம் கிழக்கே. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வெறும் தண்ணீர்.

டீச்சருக்குக் காது சுட்டது. இதுகளைப் பெற்றவர்களைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சாலையைக் கடந்தாள்.

சுவரடியில் பேச்சியம்மா பிரஷ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, காலனிப் பிள்ளை. நல்ல கை.

“ஏட்டி, உங்கம்மையை மேக்கால இன்னொருக்க வரஞ்சிரு. பைய வரை, அவசரமில்ல.”

பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“அங்கன உங்கம்மைல்லா குளிக்காவ டீச்சர். நீங்கதான மொத நாளு மாதிரிக்கு வரஞ்சிய. அதப் பாத்துத்தான் நாங்க எடம் பிடிச்சோம்.”

மேற்கு ஓரத்தில், மேல்படியில், முகத்தில் மஞ்சளோடு அம்மா. எந்த இடத்தில் வரைவது என்று அன்றைக்கு ஒரு நொடி யோசித்ததாகக்கூட டீச்சருக்கு ஞாபகம் இல்லை. கை தானாகப் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை முன்னால் நிற்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பரவாயில்லை, பக்கத்திலேயே வரை என்று சொல்ல வாயெடுத்தாள். நாளைக்கு அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து இந்தச் சுவரைப் பார்ப்பாள். அந்த முகத்தை நினைத்ததும் பேச்சு நின்றுவிட்டது.

தலைப்பு எழுதுவது மட்டும் பாக்கி. மூலையில் சின்னதாக எழுதுவதாகத்தான் இருந்தாள். இப்போது ஸ்டூலை இழுத்து இடைவெளிக்கு நேராகப் போட்டு ஏறினாள். வெறும் தண்ணீர் தெரியாதபடி, பட்டை பட்டையான எழுத்தில் எழுதத் தொடங்கினாள்: நம்ம ஆறு.

ஸ்டூல் ஆடியது. பேச்சியம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.