கச்சா எண்ணெய் மலிந்த ஆடி

1986, ஆடி முதல் தேதி, பிற்பகல் மூன்று மணி. குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்துப் பாறையில் சந்தானகிருஷ்ணன் இடுப்பில் துண்டோடு குப்புறக் கிடந்தார். முதுகு முழுக்க நல்லெண்ணெய்.

அந்த முதுகைப் பார்க்கவே லட்சுமிநாராயணனுக்கு அருவருப்பாக இருந்தது. நாட்டின் அவசரகால இருப்புக்குக் கச்சா எண்ணெய் வாங்கத் தில்லியில் போட்ட கொள்முதல் குழுவுக்கு இந்த முதுகுதான் தலைவர். அவன் செயலாளர். சாரல் காலம் பார்த்துக் கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்ததும் இதே முதுகுதான்.

உலகச் சந்தையில் விலை பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் கப்பல்கள் வேறு நாட்டுக்குத் திரும்பிவிடும் என்று பம்பாயிலிருந்து டிரங்கால் வந்திருந்தது. அடுத்த தட்டுப்பாட்டில் தென்காசிச் சனம் மறுபடியும் மண்ணெண்ணெய் டின்னோடு வெயிலில் நிற்கும். அந்த வரிசையில் நின்று வளர்ந்தவன் அவன்.

"எண்ணெய் ஊறட்டும்வே. நாளைக்கு இன்னும் எறங்கும்," என்றார் தலைவர்.

"ஏறிட்டா பேப்பர்ல ஒங்க பேருதான் சார் வரும்."

முதுகு புரண்டது. அவன் நீட்டிய சம்மதக் கடிதத்தில் தலைவர் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் எண்ணெய்க் கறை படர்ந்தது.

தபாலாபீசுக்குப் போகும் வழியில், எண்ணெய்ச் சேமிப்பு டாங்குகளுக்கென்று போட்ட இன்னொரு குழு தங்கியிருந்த பங்களா. கொள்முதல் ஒரு இலாகா, டாங்கு வேறொரு இலாகா. ஒருவர் கோப்பை மற்றவர் தொடுவதில்லை. வராந்தாவில் சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. டாங்குக் குழுவின் செயலாளர் பால்வண்ணநாதன், ஆலங்குளத்துக்காரர், கொள்முதல் எப்போது முடியும் என்று தினமும் வந்து விசாரிப்பார். ஊருக்குப் போக அவசரப்படும் சோம்பேறி என்று லட்சுமிநாராயணன் பதிலே சொன்னதில்லை.

போனில் பம்பாய் கிடைத்தது. சம்மதம் சொன்னான். கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன, இனி யாராலும் மாற்ற முடியாது என்றார்கள்.

அத்தனை சோம்பேறிகளுக்கு நடுவில் தேசத்துக்காக ஒருவனாவது வேலை பார்த்திருக்கிறான். அந்த நினைப்போடு திரும்பியவன், பங்களா வாசலில் நின்ற பால்வண்ணநாதனிடம் முதல்முறையாக அவனாகவே பேச்சுக் கொடுத்தான். வாங்கியாயிற்று, பத்து நாளில் கப்பல் வந்துவிடும் என்றான்.

பால்வண்ணநாதன் கையிலிருந்த சீட்டை மடக்கினார்.

"நீங்க வாங்குன பொறவுதான அண்ணாச்சி டாங்கு கட்ட எங்களுக்கு உத்தரவே வரும், அதுவரைக்கும் எங்கன ஊத்துவீய?"