கடைசி நொடி வரைக்கும்

"வந்திருச்சு! ஒண்ணு விடாம வந்திருச்சு!"

கத்திக்கொண்டே நாற்காலி மேல் ஏறிவிட்டாள் டெலிமெட்ரி இன்ஜினியர். ஏவுகணைக்குள் இருக்கும் அறுபத்து நான்கு சென்சார்களும் சொல்வதை எண்களாக்கி, ஒரே சரமாகக் கோத்து, ரேடியோ வழியே தரைக்கு அனுப்பும் கருவி அவள் வடிவமைத்தது. இரண்டு வருட உழைப்பு. இன்றுதான் முதல் சோதனை.

"மேடம், ஒரு எண்கூட உதிரல!" என்று கூவிய டெக்னீஷியன், பக்கத்து மேசைக்காரரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஜெயிச்சுட்டேன்!"

"அழுறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டும்தான்! வீட்டுக்கு வந்ததும் என்னைத் தூக்கிச் சுத்தணும். இடுப்பு பிடிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல!"

கதவு படாரென்று திறந்தது. ஏவுகணையைக் கட்டிய தலைமை விஞ்ஞானி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பதினோராவது விநாடியில என் ஏவுகணை வெடிச்சுக் கடல்ல கிடக்கு. எழவு வீட்டுல கூத்தா அடிக்கிறீங்க?"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, அச்சடித்த தாளை நீட்டினாள்.

"இதுக்கு முன்னாடி மூணு வெடிச்சுது சார். ஏன்னு சொல்லாமலே செத்துப்போச்சு. இது கடைசி நொடி வரைக்கும் பேசியிருக்கு. இங்க பாருங்க, எரிபொருள் வால்வு. பத்தாவது விநாடியில அது பாதியிலேயே சிக்கிக்கிச்சு."

அவர் தாளைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மூணு வருஷமா என்னைத் தூங்க விடாதது இந்தச் சனியன்தானா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நகருங்கப்பா! எனக்கும் ஆட இடம் விடுங்க!"