மீன்தொட்டியில் வேலம்பாசி

2019 ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, என் மகள் மணிமொழி ஈரத்தாளில் சுற்றிய வேலம்பாசியோடு மீன்தொட்டியின் முன் நின்றாள். உள்ளே, காலஞ்சென்ற என் கணவரின் பிளாஸ்டிக் செடிகள் வெளிறிப்போயிருந்தன.

“இதையெல்லாம் எடுத்துடலாம்மா. மீனுக்கு உசிருள்ள செடிதான் நல்லது.”

“எடுக்காதே. அப்பா நட்டவை.”

அவள் சிரித்துவிட்டாள். “நட்டவையா? அவர் அப்படிச் சொன்னப்பல்லாம், ‘உயிரில்லாததை நட முடியாது, வைத்தேன் என்று சொல்லுங்கள்’னு முப்பது வருஷம் திருத்தினியேம்மா!”

அவர் ஒருமுறைகூடத் திருத்திக்கொள்ளவில்லை. முழங்கைவரை கையை நீரில் விட்டு, ஒவ்வொரு செடியின் அடியிலும் கூழாங்கற்களைப் பெருவிரலால் அழுத்தி, வேர் பிடிக்கட்டும் என்பதுபோல் சற்று நேரம் கையை எடுக்காமல் இருப்பார்.

பழைய செடிகள் நின்ற இடத்திலேயே இருக்க, அவற்றுக்கிடையே வேலம்பாசியை நடுவதென்று முடிவாயிற்று.