பன்னிரண்டு, எட்டு, ஆறு

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குன்றத்தூரில் ஒரு கிளினிக்கின் முதல் மாடியில், பென்னலூர் கோதண்டத்தின் இரண்டு கண்களுக்கும் பார்வை ஆறுக்கு ஆறு, குறையில்லை என்று எழுதப்பட்டது.

ரத்த அழுத்தம், காது, இதயம் எல்லாம் முன்பே முடிந்திருந்தன. பாக்கி இருந்தது நிறங்களைப் பிரித்தறியும் பரிசோதனை ஒன்றுதான்.

அதிலும் தேறிவிட்டால் டாக்டர் வேங்கடலக்ஷ்மி ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் இல்லாமல், தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கிற யாரையும் தனியாக விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

கோதண்டத்துக்கு வயது நாற்பத்தொன்று. ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அப்பாவின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, அந்தப் பக்கத்தில் ஆலை வராத இடம் வானம் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

உரிமம் வந்ததும் இரவில் பறக்கும் தகுதி. அதற்கடுத்து, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி. பிறகு இரட்டை எஞ்சின். இத்தனையும் அவருடைய விசிட்டிங் கார்டில் வரிசையாக அச்சாகியிருந்தன. ‘விரைவில்’ என்ற சொல் மட்டும் பொடி எழுத்தில் இருந்தது.

பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கை வல்லக்கோட்டை முருகன் காலடியில் வைத்து வாங்கி வந்திருந்தார். அதில் இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

ஊரில் வைத்திருந்த ஃப்ளெக்ஸில் பொடி எழுத்தும் கிடையாது. ‘பென்னலூரின் முதல் கேப்டன்’ என்றே இருந்தது. அதை வைத்த ஜோயல்தான் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அதே ஆலையில் கதவு மாட்டுகிறவன்.

டாக்டர் ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பன்னெண்டு” என்றார் கோதண்டம்.

“நான் இன்னும் திறக்கவே இல்லையே.”

இதில் கோதண்டத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலையிலும் ஆண்டுக்கொரு முறை இதே புத்தகம்தான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்கள். கேன்டீன் ஹாலில் ஒரு ஷிஃப்டே வரிசையில் நிற்கும். கார்கள் நகரும் லைன் நிற்கக் கூடாது என்பதால் ஆளுக்கு இருபது வினாடி. முதலில் பார்த்துவிட்டு வருகிறவன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவான்: பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்போது, அம்பத்தேழு. வரிசை அதைப் பின்னால் கடத்தும். பாதி வரிசை முடிவதற்குள் புத்தகத்தைப் பார்க்கிற வேலை யாருக்கும் இருக்காது.

இரண்டாவது படத்தில் கோதண்டத்துக்குத் தெரிவது மூன்று. சொல்ல வேண்டியது எட்டு. கண்ணில் படுவது ஒன்று, படிவத்தில் ஏறுவது இன்னொன்று என்பது கம்பெனியில் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான நடைமுறை. அவர் அதைப் பற்றி யோசித்ததில்லை.

டாக்டர் புத்தகத்தை நடுவில் திறந்தார்.

கோதண்டம் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டே போனார்.

“நீங்க சொன்ன நம்பர் எல்லாமே புஸ்தகத்துல இருக்கு, மிஸ்டர் கோதண்டம். நான் காட்டின பக்கந்தான் வேற. மனப்பாடத்தை விட்டுட்டு, கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்கோ.”

அவர் முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தார்.

“இருபத்தொண்ணு.”

அது எழுபத்து நான்கு.

அடுத்ததில் நாற்பத்தைந்து இருந்தது. “ஒண்ணியும் காணோம்மா. பொட்டு பொட்டா கீது” என்றார்.

அதற்கடுத்த படத்தில் முகம் மலர்ந்துவிட்டது. “அஞ்சு! பளிச்சுனு தெரியுது.”

“எனக்கு இதுல ஒண்ணுமே தெரியலை.”

டாக்டருக்கே தெரியாதது தனக்குத் தெரிந்ததில் கோதண்டத்துக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. நிறம் சரியாகத் தெரிகிறவர்களுக்கு அந்தப் படத்தில் எதுவுமே தெரியாது என்று டாக்டர் விளக்கும் வரை அது நீடித்தது.

டாக்டர் பேனாவைத் திறந்தார். ரேடியோ கெட்டுப்போனால் கண்ட்ரோல் டவரிலிருந்து விளக்குதான் காட்டுவார்கள் என்றார். பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. உங்களுக்கு அது இரண்டும் ஒன்றுதான் என்றார்.

“எழுதிடாதீங்கம்மா. பகல்ல மட்டும் ஓட்டிக்கிறேன். ஊர்ல ஃப்ளெக்ஸ் வெச்சிட்டானுங்க.”

“ஏன் சார், இத்தனை வருஷத்துல வேலையில ஒரு பிரச்னைகூட வந்ததில்லையா?”

“பதினோரு வருஷம்மா! என்னால லைன் நின்னதே கெடையாது. ரெண்டு தபா அவார்டு குடுத்துகிறாங்க.”

டாக்டர் ‘தகுதியில்லை’ என்று எழுதினார். தேதி போட்டார்.

வெளியே ஜோயல் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். “இன்னா கேப்டன், எப்போ டேக்-ஆஃப்?”

“புக்க நடுவுலேர்ந்து தொறந்துட்டாங்கடா.”

ஜோயலுக்கு நியாயமான கோபம் வந்தது. “அது எப்டிண்ணே? அவுட் ஆஃப் சிலபஸ்ல கேட்டா யாருக்குத்தான் தெரியும்?”

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்குக் கோதண்டம் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். லைனின் கடைசியில், வெள்ளை வெளேரென்ற விளக்குகளுக்குக் கீழே, தன் இடத்தில் நின்றார். காரின் சிவப்பும், வெளியே வேறொரு கம்பெனியில் பெயின்ட் அடித்து வரும் பம்பரின் சிவப்பும் ஒரே சிவப்புதானா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை.

அன்று இருநூற்றுப் பதினெட்டு கார்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஓகே போட்டார்.