இல்லாத குழந்தைகள்

“குழந்தை இருக்கா?”

நேர்முகத் தேர்வில் இயக்குநரம்மா கேட்ட முதல் கேள்வியே இதுதான். படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை.

அவளுக்குத் திக்கென்றது. மடியில் இருந்த கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவாகத்தான் இருக்கும். காலையில் பாப்பாவை அங்கே விடும்போதே உடம்பு லேசாகச் சுட்டது.

“சொல்லுங்க. இருக்கா, இல்லையா?”

“இல்ல மேடம்.”

அதிர்ந்துகொண்டிருந்த பையைக் கையால் அமுக்கிக்கொண்டாள்.

“சின்னப் பிள்ளைங்க யாருமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யாரும் இல்ல மேடம்.”

இயக்குநரம்மா உதட்டைப் பிதுக்கினார். அப்புறம்தான் படிப்புக்கே வந்தார்.

அவர் தலைக்கு மேலே சுவரில், ‘பெண்ணுக்குச் சம வாய்ப்பு இல்லாமல் வளர்ச்சி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஏழெட்டு நாடுகள் சேர்ந்து பணம் போட்டு நடத்துகிற திட்டம். வீடு வீடாகப் போய், ‘பெண்களை வேலைக்கு அனுப்புங்கள்’ என்று எடுத்துச் சொல்வதுதான் அவள் கேட்டு வந்த வேலை.

ஊருக்கு உபதேசம், உள்ளே வந்தால் இந்தக் கேள்வி! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வேலை போச்சு. கணவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவன் வெளியூரில் வேலை தேடி அல்லாடிக்கொண்டிருக்கிறான்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக ஃபோனை எடுத்தாள்.

“உன்னைக் கேட்டு ஒரே அழுகை. எப்ப வர்றே?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“இதோ கிளம்பிட்டேன்க்கா. சுடுதா இன்னும்?”

“மருந்து குடுத்தேன், பரவாயில்ல. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே. அடுத்த மாசத்துல இருந்து நானும் வேலைக்குப் போறேன். பாப்பாவுக்கு வேற ஆளைப் பாத்துக்க.”

சரிக்கா என்று சொல்லிவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாள்.

பெஞ்சில் மூன்று பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். “என்னங்க கேக்கறாங்க?” என்றாள் ஒருத்தி.

பாவம், இவர்களாவது தப்பிக்கட்டும் என்று தோன்றியது. குனிந்து, “குழந்தை இருக்கான்னு கேப்பாங்க. கண்ணை மூடிட்டு இல்லைன்னு சொல்லிடுங்க” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நால்வருக்குமே வேலை கிடைத்தது.

முதல் நாள் இயக்குநரம்மாவே அவர்களுக்கு அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார். கோடி அறையிலிருந்து இரண்டு ஆட்கள் குட்டி குட்டி நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் மஞ்சள் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

“இது என்ன ரூம் மேடம்?”

“குழந்தைங்க காப்பகம். வேலைக்கு வர்ற அம்மாக்களுக்காக.” அவர் குரல் இறங்கிவிட்டது. “பணம் குடுக்கறவங்ககிட்ட மல்லுக்கட்டி வாங்கினேன். ஆனா இங்க வேலை பாக்கறவங்களுக்குக் குழந்தை இருந்தாத்தான் திறக்கணுமாம். அதுக்குத்தான் உங்க எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தருக்கும் இல்லைன்னுட்டீங்க. இன்னிக்குத் திருப்பி அனுப்பறோம்.”



சொன்னால், பொய்க்காரி என்று முதல் நாளே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம். சொல்லாவிட்டால், நாற்காலி வண்டியேறிவிடும். அடுத்த மாசம் பாப்பாவை எங்கே விடுவது? அவளுக்கு நிற்கவே முடியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள்.

லாரியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“மேடம், எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. மூணு வயசு” என்று படபடவென்று கொட்டினாள். “பொய் சொல்லிட்டேன். இவங்களையும் நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அனுப்பறதா இருந்தா என்னை மட்டும் அனுப்பிடுங்க.”

“எனக்கு ரெட்டைப் பசங்க மேடம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“எனக்குக் கைக்குழந்தை.”

“எனக்கு நிஜமாவே இல்ல மேடம்” என்றாள் நான்காமவள், அழாத குறையாக.

இயக்குநரம்மா யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினார். “எல்லாத்தையும் திரும்ப உள்ள வைங்கப்பா!”

“எங்க மேல கோவம் இல்லையா மேடம்?”

“எதுக்குக் கேக்கறேன்னு சொல்லாம மொட்டையா கேட்டேனே, என்னைத்தான் சொல்லணும்.” அவர் அந்தக் குட்டி நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்துவிட்டார். “நானும் இதே கேள்விக்கு இல்லைன்னு சொல்லித்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தேன். என் பையனுக்கு இப்பக் கல்யாண வயசு. இந்த ஆபீஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.”